நெஞ்சுக்குள்ளே ஓர் அக்னி ஸ்தலம்!

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில் செஞ்சி பஸ் ஏறி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு முழித்தால் வந்துவிடும். (கொஞ்சம் பெரிய தூக்கமாகப் போட்டால் செஞ்சிக் கோட்டை வந்துவிடும். கண்டக்டர் மேல் பழி போடக் கூடாது!) கார்த்திகை தீபத்தன்று மலை உச்சிக் கொப்பரையில் ஏற்றுகிற ஜோதி, எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும்.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னி ஸ்தலம் என்பது நீங்கள் அறிந்ததுதான். மலையில் 11 நாள் எரிகிற தீபத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது, என் நெஞ்சில் 22 வருஷம் எரிந்த தீபத்தைப் பற்றி.

பயப்படாதீர்கள், காதல் கதை இல்லை. நெஞ்சு கரிப்பு!

ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவன் நான். சட்டையின் ஒரு பாக்கெட்டில் சாக்பீஸ், இன்னொன்றில் ஜெலுசில் மாத்திரை. ஒருநாள் அவசரத்தில் மாத்திரையை எடுத்துப் போர்டில் எழுதிவிட்டேன். சுமாராக எழுதியது. அப்புறம் எதை வாயில் போட்டேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

நெஞ்சு கரிக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், ஊரே டாக்டர் ஆகிவிடும்.

"அண்ணே, ஒரு பன்னீர் சோடா உடைக்கட்டுமா? ரெண்டு ஏப்பம் வந்தா எல்லாம் சரியாப் பூடும்" என்பார் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்.

"வாயு ஸார். பூண்டைச் சுட்டுத் தின்னுங்க" என்பார் சக வாத்தியார்.

"பித்தம் மாப்பிள்ளை. இஞ்சியைத் தட்டிச் சாறு எடுத்துக் குடிங்க" என்பார் மாமியார்.

என் மனைவி மட்டும் வேறு மாதிரி சொன்னாள்: "ராத்திரி பத்து மணிக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் மூக்கு முட்டச் சாப்ட்டுட்டு உடனே போய்ப் படுத்தா, எரியாம குளுகுளுன்னா இருக்கும்?"

இருபத்திரண்டு வருஷத்தில் சரியான காரணம் சொன்னது அவள் ஒருத்திதான். ஃபீஸ் வாங்காமல் சொன்னதால் நான் மதிக்கவில்லை!

கேட் கீப்பர் தூங்கினால்...

நாம் விழுங்குகிற சோறு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குள் இறங்குகிறது. குழாயின் அடியில் இறுக்கிப் பிடிக்கிற ஒரு தசை இருக்கிறது. சினிமா கொட்டகை கேட் கீப்பர் மாதிரி. உள்ளே போகிறவரை விடுவார், வெளியே வருகிறவரைத் தடுப்பார். இந்த கேட் கீப்பர் அடிக்கடி கண் அசந்தால், இரைப்பையில் இருக்கிற அமிலம் மேலே ஏறி வந்துவிடும். இதைத்தான் நம் பாட்டிமார் 'எதுக்களிக்குது' என்று ஒரே வார்த்தையில் சொன்னார்கள்.

அந்த அமிலம் சாதாரணமானதல்ல. ஸ்கூல் லேபில் கண்ணாடி பாட்டிலில் பூட்டி வைத்திருப்போமே, ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதே சரக்குதான். இரைப்பைக்கு அதைத் தாங்க ஒரு பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. அதனால்தான் எரிகிறது.

என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதில் அற்ப சந்தோஷம்! இந்திய இரைப்பை குடல் நிபுணர்கள் சங்கத்தின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 7.6 பேருக்கு இந்தத் தொல்லை இருப்பதாகக் கணக்கு வந்தது. நாற்பது பிள்ளைகள் உட்காருகிற வகுப்பறையில் நாற்பது பெரியவர்களை உட்கார வைத்தால், மூன்று பேர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணனுக்கு நின்றுபோனது

இதுவரை சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும்.

என் பெரியப்பா மகன், எனக்கு ஒன்பது வயது மூத்த அண்ணன். கழனி வேலை. மல்லாட்டை சீசனில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்!) களத்துமேட்டிலேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அவருக்கும் என்னைப் போலவே நெஞ்சு கரிப்பு. சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தே காலத்தை ஓட்டினார்.

ஒருநாள் வந்து, "தம்பி, எனக்கு இப்பல்லாம் கரிக்கறதே இல்லடா. தானாவே நின்னு போச்சு!" என்றார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்றார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முழுங்கு தண்ணீர். அப்புறம் இட்லியைக் கரைத்துக் குடித்தார். அப்புறம் கஞ்சி. "வயசாகுது, பல்லு இல்ல, அதான்" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப்போனபோது, உணவுக்குழாயின் அடிப்பக்கம் புற்றுநோய். எட்டு மாதத்தில் போய்விட்டார்.

காரியம் முடிந்து நாலைந்து மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எனக்கும் இப்போதெல்லாம் அவ்வளவாகக் கரிப்பதில்லையே!

உப்பு நிலத்தில் கோரை

2023-ல் திருவண்ணாமலையில் ஒரு வயிற்று டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஜாதகம் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன்.

"எரிச்சல் எப்போ குறைஞ்சுது?"

"ஒரு வருஷமாவே அவ்வளவா இல்லை டாக்டர். சரியாப் போச்சுன்னு நினைச்சேன்."

"மாத்திரை சாப்பிடாம, பழக்கத்தை மாத்தாம, எப்படி ஸார் தானா சரியாப் போகும்? கணக்கு வாத்தியார்தானே நீங்க? விடை வந்துடுச்சு, வழிமுறை எங்கேன்னு கேட்க மாட்டீங்களா?"

கேட்டிருக்க வேண்டியதுதான்.

அவர் ஒரு உதாரணம் சொன்னார். எங்கள் பக்கத்து ஆளுக்கு உடனே புரிகிற உதாரணம். நெல் விளைகிற கழனியில் வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர் பாய்ந்தால் என்ன ஆகும்? நெல் கருகும். அந்த இடத்தில் கோரை முளைக்கும். கோரைக்கு உப்பு உறைக்காது. உணவுக்குழாயின் உள்தோலும் சிலருக்கு அப்படித்தான். அமிலம் பட்டுப் பட்டு, இயல்பான தோல் போய், குடலில் இருப்பது மாதிரி வேறு வகைத் தோல் வளர்ந்துவிடுகிறது. அது அமிலத்தை ஓரளவு தாங்கும். அதனால் சிலருக்கு எரிச்சல் குறையும். நோய் குறைந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

இந்த மாற்றத்துக்குப் பெயர் 'பாரெட்' உணவுக்குழாய். இந்தத் தோலில் ஒரு சிலருக்கு, பல வருஷங்களில், புற்றுநோய் தலைகாட்டலாம் என்பதுதான் கவலை.

பாரெட் யார்? நார்மன் பாரெட், 1903-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருந்தவர். 1950-ல் இதைப் பற்றி எழுதியபோது, "இது உணவுக்குழாயே அல்ல. குழாய் குட்டையாக இருப்பதால் மேலே இழுபட்டு வந்த இரைப்பை" என்ற முடிவுக்கு வந்தார். 1953-ல் ஆலிசன், ஜான்ஸ்டன் என்ற இரண்டு பேர், "இல்லை, உணவுக்குழாய்தான். உள்தோல்தான் வேறு" என்று காட்டினார்கள். 1957-ல் பாரெட்டும் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. முதலில் தப்பான விடை எழுதினவருக்கு உலகப் புகழ்! என் வகுப்பில் என்றால் பெஞ்சு மேல் ஏறி நின்றிருப்பார்.

கத்தி விழுங்கியும் கணக்கு வாத்தியாரும்

"எண்டாஸ்கோப்பி பார்த்துடலாம்" என்றார் டாக்டர். எனக்கு வேர்த்துவிட்டது. தொண்டைக்குள் குழாய்!

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், நம் பாடு எவ்வளவோ தேவலை. 1868-ல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர் முதன்முதலில் இரைப்பைக்குள் குழாய்விட்டுப் பார்த்தபோது, அது வளையாத உலோகக் குழாய். யார் சம்மதிப்பார்கள்? வித்தை காட்டுகிற ஒரு கத்தி விழுங்கியைப் பிடித்து வந்தாராம்!

வளைகிற குழாய்க்கு வழி பிறந்ததில் ஓர் இந்தியருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தை அனுப்ப முடியும் என்று 1954-ல் காட்டினார். 1957-ல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் இழைகளால் ஆன வளைகிற குழாயைத் தயாரித்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்தார்.

எனக்கு ஆனது இவ்வளவுதான்: முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. தொண்டை மரத்துப்போக ஒரு மருந்து அடித்தார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். வாயில் ஒரு வளையம். இரண்டு தடவை குமட்டல். கண்ணில் தண்ணீர். பத்து நிமிஷத்தில் முடிந்தது. முப்பத்தி நாலு வருஷம் இடைவிடாமல் பேசிய வாத்தியார் வாய், பத்து நிமிஷம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தோல் நிறம் மாறி இருந்தது. நாலு பக்கமும் துளித்துளியாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: பாரெட்தான். ஆனால் செல்களில் கெட்ட மாற்றம் இல்லை.

இங்கே ஒரு விஷயம். குழாயில் பார்த்ததை மட்டும் வைத்து 'பாரெட்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிறம் மாறிய தோல் குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், பயாப்ஸியும் அதை உறுதி செய்ய வேண்டும். செல் மாற்றம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், அனுபவமுள்ள இன்னொரு பயாப்ஸி நிபுணரிடமும் காட்டிக் கேட்பது நல்லது.

ஆயிரத்தில் எத்தனை?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பீரோவைத் திறந்து பத்திரங்களை எடுத்து அடுக்கினேன். மனைவி எழுந்து வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"அண்ணன் மாதிரி ஆயிடுச்சுன்னா..."

"உங்க அண்ணன் பார்க்காம போனாரு. நீங்க பார்த்துட்டீங்க. ரெண்டும் ஒண்ணா? பத்திரத்தை உள்ளே வெச்சுட்டு வந்து படுங்க."

இரண்டாவது தடவையாக ஃபீஸ் இல்லாமல் சரியான வைத்தியம்.

மறுநாள் டாக்டரும் கணக்கு போட்டுக் காட்டினார். செல் மாற்றம் இல்லாத பாரெட் உள்ள ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் புற்றுநோய் வருவது ஒருவரிலிருந்து ஐந்து பேருக்குள்தான். மீதி 995 பேரும் வழக்கம்போல மளிகைக் கடைப் பாக்கியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அந்த ஐந்தில் நாம் இருக்கிறோமா என்பது பார்க்காமல் தெரியாது. அதனால், மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எண்டாஸ்கோப்பி. எனக்கு அடுத்தது 2028-ல். பேத்தியின் பிறந்த நாளுக்குப் பக்கத்தில் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒருவேளை கெட்ட மாற்றம் தெரிந்தாலும், புற்றாக மாறுவதற்கு முன்பே அந்தத் தோலைக் குழாய் வழியாகவே சுட்டு நீக்கவோ, சீவி எடுக்கவோ இன்று வழி இருக்கிறது. நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நூலில் கட்டிய மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்கள். வயிற்றுக்குள் மாத்திரை கரைந்து, உள்ளே இருக்கும் பஞ்சு விரியும். நூலைப் பிடித்து இழுத்தால், வரும் வழியில் செல்களை ஒற்றி எடுத்துக்கொண்டு வெளியே வரும். நம் ஊர்க் கிணற்றில் வாளி இறைக்கிற அதே டெக்னிக்!

செங்கல் வைத்தியம்

இப்போது என் தினப்படி வாழ்க்கை. உங்களுக்கும் உதவலாம்.

முதலில் மாத்திரை. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை. மெடிக்கல் ஷாப்பில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பாதிப் பேர் இதைச் சாப்பிட்ட பிறகு போடுகிறார்கள். பிரயோஜனம் குறைவு. வயிற்றில் அமிலம் சுரக்கிற 'பம்ப்'புகள் சாப்பிடும்போதுதான் மும்முரமாக ஓடும். அவை ஓட ஆரம்பிக்கும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். ஆகவே காலை டிபனுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. இந்த மாத்திரையால் தோல் பழையபடி ஆகிவிடாது. மேற்கொண்டு புண்ணாகாமல் காக்கும்.

"தினம் போட்டா கிட்னி போயிடும், எலும்பு போயிடும்" என்று பயமுறுத்தாத ஆள் இல்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பான்டோபிரசோல், மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்து சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பயந்த மற்ற எதுவும் கூடவில்லை. அதற்காக எல்லோரும் சும்மா விழுங்க வேண்டியதில்லை. யாருக்கு எத்தனை நாள் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. நாமாகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் பழிவாங்குவது மாதிரி கூடுதலாகச் சுரக்கும், அது வேறு!

இரண்டாவது, செங்கல். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் அடுக்கி ஆறிலிருந்து எட்டு அங்குலம் உயர்த்திவிட்டேன். தலையணையை அடுக்கினால் போதாதா என்றால், போதாது. தலையணை கழுத்தைத்தான் தூக்கும், வயிறு மடிந்து அமிலம் இன்னும் மேலே ஏறும். முதல் வாரம் விடிகிறபோது நானும் போர்வையும் கால்மாட்டில் கிடந்தோம். இப்போது பழகிவிட்டது. கூடவே இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. இரைப்பை தாழ்ந்து, கேட் மேலே இருக்கும்.

மூன்றாவது, ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் இலையை எடுத்துவிட வேண்டும். பௌர்ணமிக்கு 14 கிலோ மீட்டர் கிரிவலம் போகிறேன், நடப்பது நல்லதுதான். ஆனால் நடுராத்திரி அன்னதானத்தில் வாங்குகிற புளியோதரையை அங்கேயே சாப்பிட்டு பஸ்ஸில் சாய்ந்து தூங்கிய காலம் மலையேறிவிட்டது. பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்து காலையில்தான் பிரிக்கிறேன்.

நான்காவது, தொப்பை. அது இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுகிறது. எட்டு கிலோ குறைத்தேன். பீடி, சிகரெட், மது மூன்றும் இதற்குப் பரம விரோதி. நம் நாட்டில் அதிகம் பார்க்கிற இன்னொரு வகை உணவுக்குழாய்ப் புற்றுக்கும் புகையிலையும் மதுவும்தான் பெரிய காரணங்கள்.

மற்றபடி எல்லோருக்கும் ஒரே பத்தியம் கிடையாது. எனக்கு வடை ஆகாது, மிளகு ரசம் ஆகும். என் சம்பந்திக்குத் தலைகீழ். ஒரு நோட்டுப் போட்டு இரண்டு வாரம் எழுதினால் உங்கள் எதிரி யாரென்று தெரிந்துவிடும். சோடா மட்டும் வேண்டாம். அது வயிற்றை உப்பவைத்து கேட்டைத் திறக்கத்தான் உதவும். ஏப்பத்தோடு அமிலமும் இலவசம்!

இதெல்லாம் இருந்தால் உட்காராதீர்கள்

சாப்பாடு விழுங்கும்போது அடைக்கிறதா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? வாந்தியில் ரத்தமா? மலம் தார் மாதிரி கறுப்பா? ரத்தசோகையா? நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். பல வருஷமாக நெஞ்சு கரிக்கிறதா, வயசு ஐம்பதைத் தாண்டியதா, ஆண்பிள்ளையா, தொப்பை, புகைப் பழக்கம், ரத்த உறவில் யாருக்காவது இந்த நோய்... இதில் இரண்டு மூன்று சேர்ந்தால், ஒருமுறை குழாய்விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

இன்னொன்று. நெஞ்சை அழுத்துகிற வலி, வேர்வை, இடது கையோ தாடையோ இழுப்பது, மூச்சு முட்டுவது... இதற்கு 'கேஸ்' என்று பெயர் வைத்து சோடா தேடாதீர்கள். 108-க்குப் போன் பண்ணுங்கள். மாரடைப்பா, நெஞ்சு கரிப்பா என்பதை ஈ.ஸி.ஜி. பார்த்து டாக்டர் சொல்லட்டும். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் சொல்ல வேண்டாம்.

போன தீபத்தன்று மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் அண்ணனின் மகன். நெஞ்சைத் தடவியபடி, "சித்தப்பா, முன்னெல்லாம் எனக்கு எரியும். இப்ப நின்னுடுச்சு" என்றான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவனுக்கு வெறும் புண்தான், மாத்திரையில் ஆறிவிட்டது. ஆனால் கட்டிலுக்குச் செங்கல் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

தீபம் மலை மேல் எரியட்டும். அதுதான் அதற்கு இடம்!